ஈசானி மூலையில் தண்ணீர்ப் பெட்டி

கணினித் திரைக்கு வாஸ்து பார்த்தவன் நான். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு காலத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மூடநம்பிக்கைகளை மணிக்கணக்கில் கிழித்தவன். ராகுகாலத்தில் வேண்டுமென்றே பஸ் ஏறி, அந்த பஸ் ஆட்டையாம்பட்டி தாண்டிப் பஞ்சரானபோது இது வெறும் தற்செயல் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் வாதாடியவன். அப்படிப்பட்டவன் பதினான்கு அங்குலத் திரையில் அக்கினி மூலை எது, கன்னி மூலை எது என்று விரல் வைத்துப் பார்த்து, டீசலையும் தண்ணீரையும் அதற்கேற்ப உட்கார வைத்தேன். சம்பளம் கொடுப்பவர் சொன்னார், செய்தேன் என்று தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் வைத்து முடித்தபோது அது பார்க்க அழகாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டுமே.

போன வாரம் பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில் இதெல்லாம் ஞாபகம் வந்தது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் என் பெயரைக் கணினியில் அடித்துவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் போக டேப் பட்டனைத் தட்டினாள். வயதுக்குப் போயிருக்க வேண்டிய கர்சர் பாதித் திரையைத் தாண்டிப் பின்கோடில் போய் நின்று மினுக்கியது. அவள் மவுஸைப் பிடித்து அதைத் திரும்ப வயதுக்கு இழுத்து வந்தாள். மறுபடி டேப். இந்தத் தடவை கைபேசி எண்.

"எரிச்சலா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"எதுக்கு சார்? அது அப்படித்தான். உங்க வயசு?"

வயதைச் சொன்னேன். பல் வலியை மீறி எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் படிவத்தைச் செய்தவன் யாரென்று தெரியாது. ஆனால் அவன் செய்த தப்பை எனக்குத் தெரியும். நானும் அதே தப்பை ஒரு முறை செய்து, அதனால் ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அயோத்தியாப்பட்டணத்தில் வீடு. வேலை கிடைத்ததோ மல்லசமுத்திரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே ஒரு போர்வெல் கம்பெனியில். சேலம் போய், அங்கே பஸ் மாறி, ஆட்டையாம்பட்டியில் ஜன்னல் வழியாக வரும் கைமுறுக்கு வாசனையை முகர்ந்துகொண்டே மடியில் தடிமனான நாவலோடு போவேன். நாவலில் தினமும் நாலு பக்கம்தான் நகரும். முறுக்கு பெரும்பாலும் நாலுக்கு மேல் போகும்.

ஆபீஸ் இரண்டு அறை. முன்னால் ரிக் வண்டிகள் நிற்கும் மைதானம். ஆனால் வண்டிகள் அங்கே நின்று நான் பார்த்தது அபூர்வம்; எட்டும் ராய்ப்பூர், நாக்பூர், அதற்கும் அப்பால் எங்காவது பாறையைக் குடைந்துகொண்டிருக்கும். மைதானத்தில் கிரீஸ் வாடையும் பழைய பைப்புகளும்தான் இருந்தன. உள்ளறையில் கணினி. அதற்கு ஏசி உண்டு, எங்களுக்கு இல்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். அங்கே புது பிளாஸ்டிக்கும் ஊதுபத்தியும் கலந்த ஒரு வாசனை இருக்கும். இன்றைக்கும் ஊதுபத்தி வாசனைக்கு எனக்குச் சாமி ஞாபகம் வருவதில்லை, கீபோர்டுதான் ஞாபகம் வருகிறது.

முதலாளி சின்னுசாமி. அறுபது வயது, வெள்ளை வேட்டி, எல்லோரையும் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். அவருடைய மாப்பிள்ளை கோயமுத்தூரில் இன்ஜினீயரிங் படித்தவர். கணினி வாங்க வைத்ததும் என்னை வேலைக்கு எடுத்ததும் அவர்தான். மூன்றாவது ஆள் பூங்கொடி. முப்பதை ஒட்டிய வயது, மல்லசமுத்திரம், பிளஸ் டூவும் டைப்ரைட்டிங் லோயரும் முடித்தவள். தினமும் காலையில் எட்டு ரிக்குகளில் இருந்தும் டிரில்லர்கள் எஸ்.டி.டி. பூத்தில் இருந்து கூப்பிட்டு முந்தைய நாள் வேலையை ஒப்பிப்பார்கள். அதைக் கேட்டு நீளமான நோட்டில் எழுதுவது அவள் வேலை. ரிக் நம்பர், டிரில்லர் பேர், ஊர், மொத்தம் எத்தனை அடி, கேசிங் எத்தனை அடி, தண்ணீர் எத்தனை அடியில், கம்ப்ரஸர் எத்தனை மணி நேரம், டீசல் எத்தனை லிட்டர். இதுதான் வரிசை. எல்லா டிரில்லருக்கும் அது மனப்பாடம். கேசிங் என்பது மேல்மண் சரியாமல் இருக்கக் குழிக்குள் இறக்கும் குழாய். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் பூங்கொடிதான்.

ஏழாம் நம்பர் ரிக்கின் டிரில்லர் அவளுடைய வீட்டுக்காரர். பெயர் மணி. வருஷத்தில் பத்து மாதம் ராய்ப்பூர்ப் பக்கம். அவர்கள் வீட்டில் போன் கிடையாது. டீசல் கணக்குச் சொல்லி முடித்ததும் மணி கூடுதலாக இரண்டு வரி பேசுவார். "சாப்பிட்டியா? பையனுக்குக் காச்ச உட்டுதா?" அவளும் இரண்டு வரி. அப்புறம் அடுத்த ரிக் கூப்பிடும். புருஷன் பெண்டாட்டி பேச்சு அன்றைக்கு அவ்வளவுதான். இதற்கு ஆபீஸில் யாரும் எதுவும் சொன்னதில்லை. அந்த நேரம் முதலாளி எழுந்து மைதானத்துக்குப் போய்ப் பைப்புகளைப் பார்ப்பார்.

என் வேலை அந்த நோட்டைக் கணினிக்கு மாற்றுவது. அப்போதெல்லாம் ஒரு படிவம் எப்படிச் செய்வோம் என்று சொன்னால் உங்களுக்கும் ஆசை வரும். திறந்தவுடன் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுப் பலகை. அதில் மேலிருந்து கீழும், இடமிருந்து வலமும் ஒரே இடைவெளியில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். ஒரு பெட்டியை வரைந்து எங்கே விட்டாலும் அது பக்கத்துப் புள்ளியில் போய் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். கோணலாக வைக்க வேண்டும் என்று நினைத்தாலும் முடியாது. என் வாழ்க்கையில் எதுவும் அவ்வளவு நேராக இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்தைப் பார்த்து வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பார். அப்படிப்பட்டவன் கையில் இந்தப் புள்ளிகள் கிடைத்தால் என்ன ஆகும்? எட்டுப் பெட்டிகளையும் ஒரே அகலத்தில், ஒரே உயரத்தில் வரைந்தேன். ஊர் பேருக்கும் அதே அகலம், இரண்டு இலக்கக் கம்ப்ரஸர் மணிக்கும் அதே அகலம். புள்ளிகள் செய்கிறவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், ஓட்டிப் பார்க்கும்போது மறைந்துவிடும். அதில் எனக்கு ஒரு கர்வம் வேறு.

முதலாளி கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது சாமி. இதுல கெழக்கு எது?"

"கிழக்கா? இது திரைதாங்க."

"இருக்கட்டுமே. ஊட்டுக்குள்ள ஒரு உரலு வெச்சாலும் தெச பாக்கறதில்லீங்களா?"

எழுந்து நிற்கிற பொருளுக்கு வடக்கு தெற்கு கிடையாது, கீழே படுத்திருப்பதற்குத்தான் உண்டு என்று பூகோளம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சுவரைக் காட்டினார். அங்கே இந்தியா வரைபடம் தொங்கியது. ரிக்குகள் இருக்கும் இடங்களில் எட்டு குண்டூசிகள். "அதும் எந்திரிச்சுத்தான் நிக்குது. அதுல மேல வடக்கு இல்லீங்களா?" என்றார். அப்படியாகத் திரையின் மேல்புறம் வடக்கு என்று முடிவானது.

அதன் பிறகு ஒரு வாரம் அவருக்கு ஒவ்வொன்றாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. வீடுகளுக்குப் போர் போடுகிற தொழில். ஈசானி மூலையைத் தேடி ஆயுள் முழுக்க அலைந்தவர். ஆகவே 'தண்ணீர்' பெட்டி வடகிழக்கில், மேலே வலது மூலைக்கு. மறுநாள் கம்ப்ரஸர் என்றால் காற்றுதானே, அது வாயு மூலைக்கு. அடுத்து டீசல் அக்கினி மூலைக்கு. கேசிங் கனமான சாமான், அது கன்னி மூலைக்கு. நடுவில் பிரம்மஸ்தானம், அங்கே எதுவும் வரக்கூடாது. கடைசியில் நாலு மூலையிலும் நாலு பெட்டி, ஓரங்களில் மீதி நாலு, நடுவில் கிரிக்கெட் ஆடலாம் போல ஒரு வெட்டவெளி. நியாயமாக நான் ராஜினாமா செய்திருக்க வேண்டும். ஆனால் பாருங்கள், எல்லாம் மூலைக்கு மூலை அத்தனை பொருத்தமாக அமைந்துவிட்டது. இடைவெளிகளைப் புள்ளி எண்ணிச் சரிபார்த்தேன். இந்தப் பக்கம் பன்னிரண்டு புள்ளி, அந்தப் பக்கமும் பன்னிரண்டு. ஏதோ பெரிய கட்டடத்தைக் கட்டிய மேஸ்திரி மாதிரி இரண்டு அடி பின்னால் போய் நின்று ரசித்தேன்.

திரையில் படிவத்தை மூடுகிற பெருக்கல் குறியும் ஈசானியில்தான் இருக்கிறது என்பதையும் அவர் கவனித்துவிட்டார். "தண்ணி வார எடத்துல மூடறதுக்குப் பட்டனா?" அதையும் எடுத்தேன்.

இப்போது நான் செய்த தப்பு. ஒரு பெட்டியை இடம் மாற்ற அதை இழுத்து வைத்தாலே போதும். எனக்கோ, அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தால்தான் திருப்தி. அந்த மென்பொருளில் டேப் பட்டனைத் தட்டினால் கர்சர் எந்தப் பெட்டிக்குப் போகும் என்பது பெட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்ததல்ல. எது முதலில் வரையப்பட்டது, எது அடுத்து என்கிற பிறப்பு வரிசையைப் பொறுத்தது. ஒரு வாரம் ஒரே பெட்டியைப் பல தடவைகூட அழித்து அழித்து வரைந்ததில் அந்த வரிசை கலைந்து, முதலாளியின் மனமாற்றங்களின் சரித்திரமாக ஆகியிருந்தது. நோட்டில் ரிக் நம்பருக்கு அடுத்து டிரில்லர் பேர். என் படிவத்தில் ரிக் நம்பருக்கு அடுத்து டீசல், பிறகு தண்ணீர், பிறகு பேர், அங்கிருந்து கேசிங், கம்ப்ரஸர், ஊர், கடைசியில் மொத்த அடி. நான் இதைக் கவனிக்கவில்லை. நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் மவுஸால்.

பூங்கொடிக்கு மவுஸைத் தொடக் கை கிடையாது. ராய்ப்பூர் லைன் கரகரக்கும். ஒரு கையால் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தால்தான் வார்த்தை கேட்கும். மிச்சம் ஒரே ஒரு கை.

திங்கட்கிழமை மாப்பிள்ளை சொன்னார்: இனி நோட்டு வேண்டாம், போன் வரும்போதே நேராகக் கணினியில் அடிக்க வேண்டும். சனிக்கிழமை வரை பார்ப்போம். சரிப்பட்டு வரவில்லை என்றால் திருச்செங்கோட்டில் கணினி படித்த ஒரு பெண் இருக்கிறது. அதைச் சொல்லும்போது அவர் பூங்கொடியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

அன்று காலை நாலாம் நம்பர் கூப்பிட்டது. டிரில்லர் பேரைச் சொன்னார், அவள் அடித்தாள். டீசல் பெட்டி எழுத்தை ஏற்கவில்லை. தப்பாக அடித்தால் 'பீப்' என்று கத்தும்படி நானே பெருமையாகச் செய்து வைத்திருந்தேன். பீப். பீப். பீப்.

"அக்கா, என்ன, ஆபீஸ்ல கோழிப்பண்ணை வெச்சுட்டாங்களா?" என்று போனில் கேட்டது எனக்கே கேட்டது.

"நீ அடியச் சொல்லு தம்பி. வெளாட்டுப் பேச்சு அப்பறம்."

எண்கள் மட்டும் எந்தப் பெட்டியிலும் சமர்த்தாகப் போய் உட்கார்ந்தன. அன்றைய அறிக்கை அச்சாகி வந்தபோது, எங்கள் நாலாம் நம்பர் ரிக் நாற்பது அடிக் குழியில் அறுநூறு அடிக் குழாயை இறக்கியிருந்தது. ஏழாம் நம்பர் கூப்பிட்டபோது அவள் கர்சரைத் துரத்துவதிலேயே நேரம் போய், அந்த இரண்டு வரிப் பேச்சு நடக்காமலே லைன் கட்டானது.

மாப்பிள்ளை காகிதத்தை என்னிடம் நீட்டினார். "உங்க புரோகிராம்ல ஏதாச்சும் குறையா?"

"இல்லைங்க சார். பழகணும்," என்றேன்.

அந்த வார்த்தைகளை இப்போதும் பல் விளக்கும்போது திடீரென்று கேட்பேன்.

மறுநாள் அவள் டீ குடிக்கப் போனபோது நானே உட்கார்ந்து டேப் தட்டிப் பார்த்தேன். கர்சர் மூலைக்கு மூலை தாவியதைப் பார்த்ததும் காது சுட்டது. சரி செய்ய இருபது நிமிடம் போதும். ஆனால் மாப்பிள்ளை பகல் முழுக்க என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திறந்தால் கேட்பார். கேட்டால் 'பழகணும்' என்ன ஆவது? சனிக்கிழமை எல்லோரும் சாப்பிடப் போனதும் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோதனை சனிக்கிழமை காலையில் என்பதை மறந்தது போல இருந்துகொண்டேன். போன் வரும் நேரத்தில் பீப் சத்தம் காதில் விழாதபடி மைதானத்துக்குப் போய்விடுவேன். புத்தகம் புத்தகமாக மனசாட்சியைப் பற்றிப் படித்தவனின் லட்சணம் இது.

சனிக்கிழமை காலை முதலாளி, மாப்பிள்ளை, நான் மூவரும் பூங்கொடிக்குப் பின்னால் நின்றோம். மாப்பிள்ளை வாட்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். போன் அடித்தது. ஏழாம் நம்பர். அவள் ரிசீவரைக் காதில் அழுத்தினாள். மணிக்கு நல்ல கனத்த குரல், பாறை உடைக்கிற சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியது, எங்களுக்கும் கேட்டது.

"ஏழாம் நம்பரு. டீசலு எறநூத்திப் பத்து. தண்ணி முந்நூத்தி நாப்பது. மணி பேசறேன். கேசிங்கு எம்பது. கம்ப்ரஸரு ஒம்பது. ராய்ப்பூரு. மொத்தம் நானூத்தி அம்பது."

டக், டேப், டக், டேப். திரையில் கர்சர் நாலு மூலைக்கும் பாய்ந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டு அடித்தாள். ஒரு பீப் இல்லை. அடுத்து மூன்றாம் நம்பர். "மூணு. டீசலு நூத்தி எளுவது..." அதன் பிறகு ஒன்று, எட்டு, நாலு. எட்டு டிரில்லர்களும் என் தப்பை மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள்.

திரையை மாற்ற அவளால் முடியவில்லை. அதனால் மூன்றே நாளில் ராய்ப்பூரையும் நாக்பூரையும் மாற்றிவிட்டாள்.

மாப்பிள்ளை வாட்சைத் திரும்பக் கட்டிக்கொண்டார். முதலாளி என் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா மாப்ள, தண்ணி ஈசானிக்குப் போனதும் எல்லாம் தன்னால ஓடுது," என்றார். திருச்செங்கோட்டுப் பெண்ணைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். எனக்குத்தான் குற்ற உணர்ச்சி. திட்டமிட்டபடியே மத்தியானம் அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் பெட்டிகளின் வரிசையை நோட்டு வரிசைக்கு மாற்றிவிட்டு, பாவம் கழுவியவனாக பஸ் ஏறினேன். திங்கட்கிழமை செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பீப் பீப் என்று கேட்டது.

பூங்கொடி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். "ஏனுங் சார், எதையாச்சும் நோண்டிப்போட்டீங்களா?"

"இல்ல... சும்மா ஒரு சின்ன..."

"இருந்த மாதிரியே வெச்சுப்போடுங்க. எட்டு ரிக்குக்கும் மறுக்காச் சொல்லித்தர என்னால ஆகாதுங்க."

தப்பைப் பத்திரமாகத் திரும்ப வைத்தேன். நான் அங்கிருந்த காலம் முழுக்க அந்த வரிசைதான். புதிதாக வரும் டிரில்லருக்குப் பழைய டிரில்லர் முதலில் சொல்லிக் கொடுப்பது "டீசல மொதல்ல சொல்லோணும்" என்பதாக ஆனது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சிலர் வேறு கம்பெனிக்குப் போய் அங்கேயும் அப்படியே ஒப்பித்ததாகக் கேள்வி. உலகத்தில் நான் உண்டாக்கிய ஒரே சம்பிரதாயம் அதுதான்.

இப்போது அந்தப் புள்ளிகள் இல்லை. பெட்டிகளை எங்கே வைப்பது என்று யாரும் எண்ணி எண்ணி வைப்பதில்லை. போனுக்குத் தக்கபடி அவையே சுருங்கி, ஒன்றன் கீழ் ஒன்றாகச் சரிந்துகொள்கின்றன. மேல்புறம் வடக்கு என்று நாங்கள் அத்தனை பாடுபட்டு முடிவு செய்தோம். இன்றைக்குப் போனைச் சாய்த்தால் வடக்கு பக்கவாட்டில் போய்விடுகிறது. எஸ்.டி.டி. பூத்துகள் போய்விட்டன. முதலாளி காலமாகிவிட்டார். ரிக்கில் இருந்து யாரும் எதையும் வாயால் ஒப்பிப்பதில்லை. மீட்டரைப் படம் பிடித்து வாட்ஸப்பில் போட்டுவிடுகிறார்கள். ஆபீஸ் இருந்த இடத்தில் டைல்ஸ் கடை. ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்தேன், செருப்பைக் கழற்ற வேண்டாம் என்றார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் வெண்ணந்தூரில் ஒரு கல்யாணத்தில் பூங்கொடியைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. மணி ரிக்கை விட்டு வந்து பத்து வருஷமாகிறதாம். பந்தியில் அவருக்கு இரண்டாம் சாதம் வந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் மனதில் கிடந்ததைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, கை கழுவும் இடத்தில் அவளை நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். டேப் வரிசை, என் தப்பு, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தது, அவள் வேலை போயிருக்கக்கூடும் என்பது.

"அதுங்களா?" என்றாள் பூங்கொடி. "அது உங்க தப்புன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுங்களே. சொன்னா மாப்ள உங்களை அனுப்பிப்போடுவாருன்னுதான் சொல்லாம உட்டனுங்க. எனக்குன்னா வேலை போனா ஸ்பின்னிங் மில்லு இருக்குது. உங்களை யாரு சேத்துக்குவாங்க?"